முப்பத்தெட்டு சாவியும் வந்தாச்சு

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்தி விடுப்பா, சாரல் சட்டையில அடிக்குது. இன்னைக்கு இந்தச் சட்டை கசங்கக் கூடாது. மேடை ஏறணும். பாண்டிச்சேரியில ஹோட்டல்காரங்க சங்கத்துக் கூட்டம். நம்ம கடலோரத்துல இருக்கிற ரிசார்ட் மேனேஜருங்க அத்தனை பேரும் வர்றாங்க. தலைப்பு என்னா தெரியுமா? ‘புயல் நேரத்தில் இடம்பெயரும் விருந்தினரை எப்படி நடத்துவது?’ பேசப்போறது யாரு? இந்த தட்சிணாமூர்த்திதான். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ப்பா. சும்மாவா கூப்பிடுவாங்க?

மழை வலுக்குது பாரு. கடலூர்ல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு காலையில நியூஸ்ல சொன்னான். மூணுக்கெல்லாம் நான் அசைய மாட்டேன். போன கார்த்திகையில நான் பாத்தது பத்து. நீ எந்தப் பக்கம் இருந்த அப்ப? சென்னையிலயா? அப்ப உனக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்குச் சொன்னாத்தான் எனக்கும் பேச்சு பழகும். பாண்டிச்சேரி போற வரைக்கும் கேட்டுக்கிட்டே வா. ரோட்டையும் பாத்துக்க.

நான் மேனேஜரா இருக்கிற ரிசார்ட் தரங்கம்பாடிக்கு வடக்க. சவுக்குத்தோப்பைத் தாண்டினா கடல். மொத்தம் முப்பத்தெட்டு ரூம். தோட்டத்துல காட்டேஜ் இருபத்தாறு, மெயின் பில்டிங் மாடியில பன்னெண்டு. மாடிக்குப் போகணும்னா லாபிக்குள்ள பூந்துதான் போகணும், வெளிய படி கெடையாது. லாபிக்கு ஒரே கதவு. கண்ணாடிக் கதவு, போன வருஷம்தான் போட்டது. எங்க முதலாளி அந்தக் கதவைப் பாக்கவே மாசம் ஒரு தடவை வருவாரு. ஒரு கைரேகை இருந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு.

அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து போன். பன்னெண்டு மணிக்குள்ள மொத்தமா காலி பண்ணணும், சாயங்காலம் நாலு மணிக்குப் புயல் உங்க தலைமேலதான் கரையேறப் போவுதுங்கிறாங்க. காருல யாரும் கெளம்பக் கூடாது, மரம் விழுது, பெரிய வண்டியில மொத்தமா ஏத்திக்கிட்டுப் போங்கன்னு உத்தரவு. உள்ள இருக்கிறது எண்பத்தி நாலு கெஸ்ட்டு. கைக்குழந்தை மூணு. வீல்சேர்ல ஒருத்தரு. என் இடத்துல வேற ஒருத்தன் இருந்தா அப்பவே உக்காந்துருப்பான்.

நான் என்னா பண்ணேன்? ஒவ்வொரு ரூமுக்கும் நானே போயி, கதவைத் தட்டி, சிரிச்ச முகத்தோட, “சார், ஒரு சின்ன மாறுதல். இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு மயிலாடுதுறையில”ன்னு சொன்னேன். பிக்னிக் போற மாதிரி கெளம்புனாங்க. இதுதான் என்னோட முதல் பாயிண்ட்டு. கெஸ்ட்டுகிட்ட பயத்தைக் காட்டக் கூடாது. ‘தெரியாது’ங்கிற வார்த்தை வாயில வரவே கூடாது. எப்ப கரண்ட்டு வரும்னு கேட்டா, வந்துடும். ரோடு எப்படின்னு கேட்டா, நல்லாருக்கு. நான் ரூம் பாயா சேந்த அன்னைக்கு, அப்ப மேனேஜரா இருந்த பெரியவரு சொல்லிக் குடுத்த பாடம் அது. இன்னைக்கு வரைக்கும் நான் ஒரு கெஸ்ட்டுகிட்ட ‘தெரியாது’ன்னு சொன்னதில்லை.

ரெண்டாவது பாயிண்ட்டு சாவி. இது என் சொந்த யோசனை. எண்பத்தி நாலு பேர எப்படி எண்றது? ஒருத்தர் பாத்ரூம்ல இருப்பாரு, ஒருத்தர் பீச்ல செல்ஃபி எடுத்துக்கிட்டு நிப்பாரு. அதனால நான் தலையை எண்ணல. சாவியை எண்ணினேன். குடும்பம் மொத்தமா பஸ்ஸுல ஏறி உக்காந்தப்பறம்தான் அவங்ககிட்ட சாவி வாங்கறது. வாங்கின சாவி போர்டுல அந்தக் கொக்கியில தொங்கணும். கொக்கி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கு. எல்லாம் நெறைஞ்சா எல்லாரும் வெளிய வந்தாச்சு. எவ்வளவு சுலபம் பாரு. பதினொண்ணே முக்காலுக்கு முப்பத்தெட்டு கொக்கியும் நெறைஞ்சிருச்சு. லாபியைப் பூட்டி, அந்தச் சாவியையும் கீழ இருக்கிற பெரிய கொக்கியில மாட்டி, போர்டை அப்படியே செவத்துலேருந்து கழட்டி மடியில வெச்சிக்கிட்டு பஸ்ஸுல உக்காந்தேன். மயிலாடுதுறை வரைக்கும் அது கலகலன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு.

கொள்ளிடம் பாலம் வந்துருச்சா? எப்பா, தண்ணி எவ்வளவு போவுது பாரு. நீ மெதுவாவே போ. பதினோரு மணிக்குத்தான் கூட்டம்.

மயிலாடுதுறையில எங்க முதலாளியோட மச்சினர் கல்யாண மண்டபம். அங்க எப்படி எறக்கினேன்னு கேளு. வாசல்ல ரெண்டு பொண்ணுங்கள நிக்கவெச்சு, பன்னீர் தெளிச்சு, சந்தனம், கல்கண்டு! அழுதுக்கிட்டு எறங்குன ஒரு அம்மா சிரிச்சிட்டாங்க. உள்ள போனா சுக்குக் காப்பி. அதுக்கப்பறம் எல்லாருக்கும் அவங்கவங்க ரூம் தலையணை! ஆமாப்பா, எண்பத்தி நாலு தலையணையும் ரிசார்ட்லேருந்து வந்தது. ரெண்டாவது பஸ்ஸுல பின்னாடி மூணு வரிசை முழுக்க தலையணை, துண்டு, போர்வை. மனுஷன் இடம் மாறுனா முதல்ல தலையணைதான் உறுத்தும். இதை எவனும் யோசிச்சிருக்க மாட்டான். டெல்லிக்கார கெஸ்ட்டு ஒருத்தர் நெட்ல இதைத்தான் எழுதியிருக்காரு, புயலுக்கு நடுவுல சொந்த வீட்டுல தூங்குன மாதிரி இருந்துச்சுன்னு. அதைப் படிச்சிட்டுத்தான் சங்கத்துல என்னைக் கூப்பிட்டதே.

சிதம்பரம் பைபாஸ்ல ஒரு டீக்கடை இருக்கும், அங்க ஓரங்கட்டு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். நீ எறங்க வேணாம், ஃபைல் சீட்டுல கெடக்கு, பாத்துக்க.

ம், வண்டியை எடு. டீயா அது, வெந்நி.

எங்க விட்டேன்? தலையணை. எல்லாம் இப்படி நல்லபடியா போயிட்டிருந்த எடத்துல ஒரே ஒரு அம்மாதான் எனக்கு வெனையா வந்து சேந்தாங்க. நளாயினி மேடம். கரூர்ல காலேஜ்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வீல்சேர்ல வந்தாருன்னு சொன்னேன்ல, அவரு இவங்க வீட்டுக்காரரு. மண்டபத்துல அவருக்கு மேடைக்குப் பக்கத்துல தனி ரூம், இங்கிலீஷ் கக்கூஸோட, நானே பாத்துக் குடுத்தேன். அதெல்லாம் அவங்க நெட்ல எழுதலை. அவங்க எழுதறது எல்லாம் டிரைவரைப் பத்தி.

டிரைவர் விஷயம் சொல்லலைல்ல? டிரைவரோட வந்தது அஞ்சு காரு. டிரைவருங்களுக்கு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு இருக்கு. பாய் உண்டு, ஃபேன் உண்டு. நீயும் எங்கயாவது படுத்திருப்ப, உனக்குத் தெரியாததா. சாவி கெடையாது. எதுக்கு சாவி, அந்தக் கதவை யாரும் சாத்துறதே இல்ல.

கெளம்புற நேரத்துல கெஸ்ட்டுங்களுக்கு ஒரே கவலை, காரு என்னாவும், காரு என்னாவும்னு. இருபது லட்சம், முப்பது லட்சம் வண்டி. நான் சொன்னேன், காருக்கு நாங்க பொறுப்பு. பஸ்ஸுல பாத்தா எடம் இல்ல. தலையணைதான் ஏத்தியாச்சே. அதனால டிரைவருங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டு, வண்டியை எல்லாம் மேட்டுல, போர்ட்டிகோவுல ஏத்தி நிறுத்துங்க, ரெண்டாவது ட்ரிப் பஸ் வரும், அதுல வந்துடுங்கன்னேன். சொன்னது தப்பா? ஏற்பாடோடதான் சொன்னேன்.

அதுல மேடத்தோட டிரைவர் மாசிலாமணி. அம்பத்திரெண்டு வயசு. பத்தொம்பது வருஷமா அவங்க வீட்லயே ஓட்டுறாரு. சட்டையில மேல் பட்டன் வரைக்கும் போட்டிருப்பாரு. பாத்தாலே பொறுப்பான ஆளுன்னு தெரியும். அவரைத் தனியாக் கூப்பிட்டு, “அண்ணே, நீங்கதான் சீனியர். அஞ்சு வண்டிச் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். தண்ணி ஏறுனா தள்ளி நிறுத்துங்க. நீங்க இருக்கிற தைரியத்துலதான் நான் போறேன்”னு சொன்னேன். அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். சரிங்க சார்னு சாவியை எல்லாம் சட்டைப் பையில போட்டு பட்டன் போட்டுக்கிட்டாரு. மத்த நாலு பேரும் காத்து ஏற ஏறப் பயந்துபோயி, ஊர்க்காரங்களோட பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டானுங்க. வாட்ச்மேன் உத்திராபதியும் வீடு பறக்குதுன்னு ஓடிட்டான். மாசிலாமணி ஓடல. நான்தான் சொன்னேன்ல, பொறுப்பான ஆளுன்னு.

ஏன் இப்படிப் பாக்குற? ரோட்டைப் பாரு.

ரெண்டாவது ட்ரிப் என்னாச்சுன்னா, மண்டபத்துல எறங்குனதும் பஸ் டிரைவர் வந்து, திரும்பப் போகணுமான்னு கேட்டாரு. நான் போர்டைப் பாத்தேன். முப்பத்தெட்டு கொக்கியும் நெறைஞ்சிருக்கு. எல்லா சாவியும் வந்தாச்சு, இனிமே எதுக்கு, நீங்க வீட்டைப் பாருங்கன்னு அனுப்பிட்டேன். விசாரணையில இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, டிரைவருங்க ஞாபகமே வரலியான்னு. எப்படிப்பா வரும்? போர்டுல ஒரு கொக்கி காலியா இருந்தாத்தானே ஞாபகம் வரும்? அவங்களுக்குன்னு ஒரு கொக்கி கெடையாது. எங்க ரிசார்ட்னு இல்ல, எந்த ரிசார்ட்லயும் கெடையாது. தமிழ்நாடு முழுக்கப் போய்ப் பாரு.

அந்தம்மா ஒண்ணரை மணிக்கு என்கிட்ட வந்தாங்க. “மாசிலாமணி எங்க? போன் போட்டா லைன் கெடைக்கல.” “பத்திரமா இருக்காரு மேடம்.” “சாப்பிட்டாரா?” “ஆச்சு மேடம்.” வேற என்னா சொல்லச் சொல்ற? எனக்குத் தெரியாதுங்கிறதா? அவங்க வீட்டுக்காரரு பக்கத்துல மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காரு. ரெண்டு மணிக்குத் திரும்ப வந்தாங்க. அதே பதில். அப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு, அடடா, அந்த ட்ரிப்பை அனுப்பலியேன்னு. பஸ்காரருக்குப் போன் போட்டேன். அவரு, “சார், செம்பனார்கோயில்கிட்ட ரோட்டுக்குக் குறுக்க மூணு மரம் கெடக்கு, இனிமே சாமியே வந்தாலும் பஸ்ஸு போவாது”ன்னுட்டாரு. நானும் மனுஷன்தானே, எனக்கும் பயம்தான். ஆனா முகத்துல காட்டல. அந்தம்மா மூணாவது தடவை வந்தப்ப, “டிரைவருங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்காங்க மேடம், இப்பத்தான் பேசினேன்”னு சொல்லிட்டேன். நிம்மதியாப் போயி வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்தாங்க. அந்த நிம்மதியை அவங்களுக்குக் குடுத்தவன் நான்தான். இப்ப என்னை என்னான்னு எழுதுறாங்க தெரியுமா? பொய்யன்னு. அப்ப உண்மையைச் சொல்லியிருந்தா, கலெக்டரு, போலீஸு, படகுன்னு எல்லா எடத்துக்கும் போன் பண்ணியிருப்பேன், ரெண்டு மணி நேரம் இருந்துச்சுன்னு எழுதுறாங்க. படகாம்! அந்தக் காத்துல!

மூணாவது நாள்தான் ரோடு திறந்துச்சு. நான்தான் முதல்ல உள்ள போனேன். காட்டேஜ் எல்லாம் கூரை இல்ல. போர்ட்டிகோவுல இருந்த காருங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. ஆனா லாபி கண்ணாடிக் கதவு? ஒரு கீறல் இல்லப்பா! அலையில வந்த கட்டை எதுவும் அதுல படல. முதலாளிக்கு முதல்ல அதைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். மாடியில பன்னெண்டு ரூமும் காஞ்சு கெடக்கு, விரிச்ச படுக்கை விரிச்சபடி. ஒரு சொட்டுத் தண்ணி ஏறல.

மாசிலாமணி சவுக்குத்தோப்புல கெடந்தாரு. சட்டைப் பையில பட்டன் போட்டபடியே இருந்துச்சு, அஞ்சு சாவியும் உள்ள. கெஸ்ட்டுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கிட்டு நானே ஒப்படைச்சேன். மேடம் மட்டும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. அந்த ஒரு சாவி இன்னும் ஆபீஸ்லதான் கெடக்கு. நான் என்னா பண்ண?

போலீஸ்ல கேட்டாங்க, அவரு ஏன் ஒரு கல்லை எடுத்து அந்தக் கண்ணாடியை உடைச்சிட்டு உள்ள போகலன்னு. உடைச்சு உள்ள போயிருந்தா மாடி ஏறியிருக்கலாம். மாடியில போயி ஒரு நாற்காலியில உக்காந்திருந்தாக்கூட இன்னைக்கு உயிரோட இருப்பாரு. தோட்டத்துல கல்லா இல்ல? அந்த நேரத்துல அவரு என்னா நெனச்சாருன்னு எனக்கெப்படித் தெரியும்னேன். அவருகிட்டேருந்து ஒரு போன் வந்துச்சு, காத்து எரைச்சல்ல ஒண்ணும் புரியலன்னு எழுதிக் குடுத்தேன். கேஸு அதோட முடிஞ்சுது. இயற்கைச் சீற்றம்னு எழுதியாச்சு. எல்லாம் அடங்கிப்போச்சுப்பா. ஆறு மாசமா நான் நிம்மதியாத்தான் இருந்தேன்.

நேத்து மத்தியானம் அந்தம்மா போன் பண்ணாங்க. கூட்டத்துக்கு நானும் வர்றேன்னாங்க. வாங்க மேடம்னேன். சத்தமே போடல அவங்க. சத்தம் போட்டிருந்தாத் தேவலாம். “மாசிலாமணி போனை அவரு மகன் ரிப்பேர் பண்ணிட்டான். அதுல பேசுறதெல்லாம் தானா பதிவாகுமாம். மூணு பத்துக்கு நீங்க பேசினதைக் கேட்டேன்”னாங்க. அவ்வளவுதான். வெச்சிட்டாங்க.

அதுலேருந்து சோறு எறங்கல எனக்கு. பொண்டாட்டி கேக்குறா, என்னாங்க ஒடம்புக்குன்னு. என்னான்னு சொல்லுவேன்? ரிங்கு அடிச்சா அந்தம்மாவான்னு முதல்ல பேரைப் பாக்குறேன். காலையில நீ வாசல்ல வந்து நின்னு போன் அடிச்சியே, அதுக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு.

என்னா கேட்ட? வைப்பர் சத்தத்துல சரியா விழல. போன்ல நான் என்னா சொன்னேன்னா கேக்குற?

கடலூர் தாண்டியாச்சா? இன்னும் அரை மணி நேரமா? எதுக்கு ஓரங்கட்டுற? மழையில நிக்காதப்பா, பின்னாடி லாரி வருது. சரி, நில்லு. சொல்றேன். எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தம்மா அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டத்தான் போறாங்க.

நல்லாத்தான் கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. காத்து எரைச்சல் இருந்துச்சு, ஆனா அவரு கத்தாம நிறுத்தி நிறுத்திப் பேசினாரு. “சார், தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. ஷெட்டு போயிருச்சு. உங்க லாபி கதவுகிட்ட நிக்கிறேன். ஒரு கல்லு கையில எடுத்து வெச்சிருக்கேன். உங்களைக் கேக்காம உடைக்க மனசு வரல. உடைச்சுக்கலாமா சார்?” இதான் கேட்டாரு. சாவி போர்டு என் மடியிலதான் இருக்கு. அந்த லாபி சாவியைப் பாத்துக்கிட்டே கேட்டேன். பக்கத்துல ரெண்டு கெஸ்ட்டு நிக்கிறாங்க. அந்தக் கதவு, முதலாளி, உள்ள கெஸ்ட்டுங்க சாமான், எல்லாம் ஒரே நேரத்துல மண்டைக்குள்ள ஓடுது. பஸ்ஸு வராதுன்னு எனக்குத் தெரியும். அதை எப்படிப்பா ஒரு மனுஷன்கிட்ட சொல்றது? “உடைச்சிடாதீங்கண்ணே, பஸ்ஸு பக்கத்துல வந்துருச்சு, அஞ்சே நிமிஷம்”னு சொன்னேன். கெஸ்ட்டுகிட்ட பேசுற மாதிரி, அவ்வளவு தன்மையாச் சொன்னேன். அவரும் “சரிங்க சார், ரொம்ப நன்றி”ன்னுட்டு வெச்சாரு. கல்லைக் கீழ போடுற சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு.